தட்டச்சு இயந்திரம் போன பிறகு நின்றவை

தமிழ்நாட்டில் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வரும் செயல்முறை ஆணையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், அலுவலரின் பதவிப் பெயருக்கு மேலே கையெழுத்துக்குப் பதிலாக 'ஒப்பம்' என்ற சொல்லும், அதற்குக் கீழே இரட்டைச் சாய்கோடுகளுக்கு நடுவே 'உண்மை நகல்' என்ற சொற்களும் அச்சாகியிருப்பதை இன்றும் பல வேளைகளில் காணலாம். லேசர் அச்சுப்பொறி தள்ளும் நூறாவது தாளும் முதல் தாளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அதில் நகல் உண்மையா என்று சான்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு நகலையும் ஒரு மனிதர் மூலத்தைப் பார்த்து மறுபடியும் அடித்துத் தர வேண்டியிருந்த காலத்தில் அந்தச் சான்று வெறும் சடங்கு அல்ல. ஒரு வரி விடுபட்டிருக்கலாம், ஒரு தொகையில் ஒரு சுழியம் கூடியிருக்கலாம். தட்டச்சு இயந்திரத்திலிருந்து கணினிக்கு அலுவலகம் மாறிய கதையை ஒரு கருவி போய் இன்னொரு கருவி வந்த கதையாகச் சொல்லிவிடுவது எளிது. இயந்திரம் மேசையிலிருந்து இறங்கிய பின்னும் அது வகுத்த வேலைப் பிரிவினையும், அதன் விசை வரிசையும், அதன் சொற்களும் எவ்வளவு காலம் நின்றன என்பதைப் பார்த்தால்தான் மாற்றம் எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பது புலப்படும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் முதலானோர் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1870களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலனி ஆட்சியின் அலுவலகங்களுக்கு அது ஆங்கில இயந்திரமாகவே வந்து சேர்ந்தது. நிர்வாகமே ஆங்கிலத்தில் நடந்ததால் அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றிய பிறகுதான், தாலுகா அலுவலகம் வரை தமிழில் கடிதம் போக வேண்டுமானால் தமிழில் அடிக்கும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும் என்ற தேவை பெரிய அளவில் எழுந்தது. அதற்குச் சற்று முன்பே, 1955இல், கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் தட்டச்சு இயந்திரம் தயாரிக்கத் தொடங்கியிருந்தது.

தமிழுக்கு ஓர் இயந்திரம் அமைப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஓர் இயந்திரத்தில் இருப்பது ஏறத்தாழ நாற்பத்தைந்து விசைகள். ஷிப்ட் விசையோடு சேர்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு உருவம் என்ற கணக்கில் தொண்ணூறு இடங்கள். அதற்குள் 247 எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அடங்க வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, இந்தச் சிக்கலுக்கு 'நகரா விசை' என்ற உத்தியைக் கையாண்டார். அவருடைய வடிவமைப்பின்படி ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் இயந்திரத்தைச் செய்துகொடுத்தது. சாதாரண விசையை அழுத்தினால் எழுத்து தாளில் பதிந்து, தாள் சுற்றிய உருளை ஓரிடம் இடப்பக்கம் நகரும். நகரா விசையை அழுத்தினால் உருவம் மட்டும் பதியும், உருளை அசையாது; அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து அதனோடு சேர்ந்துகொள்ளும்.

இதனால் எழுதும் வரிசைக்கும் அடிக்கும் வரிசைக்கும் ஒரு பிளவு உண்டாயிற்று. கையால் எழுதும்போது 'க' எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். இயந்திரத்திலோ புள்ளியை முதலில் அடித்துவிட்டுப் பிறகுதான் 'க' அடிக்க வேண்டும், ஏனென்றால் 'க' அடித்தவுடன் உருளை நகர்ந்துவிடும். 'கி', 'மி' போன்றவற்றின் மேலே வளையும் இகர மேல்விலங்குக்கும் இதே கதைதான். 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டச்சர் அடிக்கும் முறை இது: முதலில் 'த', பிறகு மேல்விலங்கு, பிறகு 'ம', பிறகு புள்ளி, கடைசியில் 'ழ'. 'டி', 'டீ' போன்று உருவம் ஒட்டிப் பிறக்கும் எழுத்துகளுக்கும், கு, து, மு போன்ற உகர எழுத்துகளுக்கும் தனி அச்சு வேண்டியிருந்தது. ஷிப்ட் வரிசையில் பெரும் பகுதியை அவை எடுத்துக்கொண்டன. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கைவிட்டதற்குப் பெரியாரின் நெடுநாள் வாதமே அடிப்படை என்றாலும், தனி வடிவங்கள் குறையக் குறைய அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் சுமை குறையும் என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதிதான்.

இந்த வரிசையை விரலில் ஏற்றிக்கொள்வதே ஒரு தனிப் படிப்பாக இருந்தது. பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடையில் பிள்ளைகளை டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ப்பது தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் இரண்டு தலைமுறைக்கு வழக்கமாயிருந்தது. ஆங்கிலத்தில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்கும் பாடம், தமிழில் இடக்கைக்கு 'ய ள ன க ப' என்றும், வலக்கைக்கு 'த ம ட' என்றும், வலக்கைச் சுண்டுவிரலுக்குப் புள்ளி என்றும் தொடங்கும். பொருளற்ற இந்த எழுத்துச் சரத்தை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப அடித்த பிறகுதான் சொல்லுக்கே அனுமதி கிடைக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் 'லோயர்' எனப்படும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், 'ஹையர்' எனப்படும் முதுநிலைக்கு 45 சொல் என்பது கணக்கு. இங்கே சொல் என்பது அகராதிச் சொல் அல்ல. ஐந்து அடி ஒரு சொல். ஆகவே இளநிலைக்காரர் பத்து நிமிடத்தில் 1,500 முறை விசையைச் சரியாக அழுத்த வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒரு வேலைக்கான நுழைவுச்சீட்டாக இருந்தது. தொழிற்சாலைக்கோ வயலுக்கோ போகாமல் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து சம்பளம் வாங்கும் வாழ்க்கைக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, திறந்திருந்த மிகச் சில வாசல்களில் இதுவும் ஒன்று.

அலுவலகத்துக்குள் இந்த இயந்திரம் வேலையை எப்படிப் பங்கிட்டது என்பதுதான் இங்கே நின்று பார்க்க வேண்டிய இடம். வெளியிலிருந்து வரும் கடிதம் தபால் பிரிவில் ந.க. எண் எனப்படும் வரிசை எண் பெற்று, உரிய உதவியாளர் தாம் கவனிக்கும் கடிதங்களைப் பதிந்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறும். உதவியாளர் பழைய கோப்புகளைப் புரட்டிக் குறிப்பெழுதி, பதில் கடிதத்துக்கான வரைவைப் பாதிப் பக்கம் இடம்விட்டுக் கையால் எழுதுவார். அந்த வெற்றிடம் கண்காணிப்பாளரும் அலுவலரும் திருத்துவதற்காக. அலுவலர் வரைவில் கையொப்பமிட்ட பிறகு கோப்பு தூய நகல் பிரிவுக்குப் போகும். அங்கே தட்டச்சர் அதை அடித்து, பிறகு ஒருவர் வரைவை உரக்கப் படிக்க இன்னொருவர் அடித்ததைச் சரிபார்ப்பார். இதற்கு ஒப்புநோக்குதல் என்று பெயர். அடித்தவரும் ஒப்புநோக்கியவரும் ஓரத்தில் சுருக்கொப்பமிட்ட பிறகே தாள் மறுபடி அலுவலரிடம் போய், அங்கிருந்து அனுப்புகைப் பிரிவுக்குச் செல்லும். எழுதியவர் ஒருவர், திருத்தியவர் இன்னொருவர், அடித்தவர் மூன்றாமவர், சரிபார்த்தவர் நான்காமவர் என்பதால் பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று சுருக்கொப்பத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாமதத்துக்குப் பேர்போன இந்த ஏற்பாட்டுக்கு இப்படியொரு நேர்மை இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நகல்களின் எண்ணிக்கையையும் இயந்திரமே தீர்மானித்தது. தாளுக்கும் தாளுக்கும் இடையே கார்பன் வைத்து உருளையில் செருகினால், எவ்வளவு வன்மையாக அடித்தாலும் ஐந்தாறு படிக்கு மேல் எழுத்து மங்கிவிடும். மெல்லிய தாளில் எடுத்த கடைசிப் படியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் அச்சால் துளைத்து அடித்து, கெஸ்டெட்னர் போன்ற சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஏற்றி, மை தடவிச் சுற்ற வேண்டும். ஸ்டென்சிலில் ஓர் எழுத்து தவறிவிட்டால் அதற்கென்றே உள்ள திருத்தத் திரவத்தை மெல்லத் தடவி, காயும் வரை ஊதி, அதன் மேல் சரியான எழுத்தை அடிப்பது ஒரு கைவினை. கார்பன் படியில் பிழை திருத்துவதோ அதைவிடப் பாடு: மேல்தாளை ரப்பரால் அழித்து, ஒவ்வொரு கார்பனையும் விலக்கி அடுத்தடுத்த படிகளையும் அழித்து, உருளையை அதே மயிரிழைக்குக் கொண்டுவந்து மறுபடி அடிக்க வேண்டும். ஒரு பத்தியையே மாற்றச் சொன்னால் பக்கம் முழுவதையும் புதிதாக அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதனால் அலுவலர்களும் தூய நகல் வந்த பிறகு திருத்தம் சொல்ல யோசித்தார்கள். சிந்தனையெல்லாம் வரைவுக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு, நிர்வாகக் கையேட்டிலிருந்து வந்ததைவிடக் கார்பன் தாளிலிருந்தே அதிகம் வந்தது என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாட்டில் முதல் உடைப்பைச் செய்தது கணினி அல்ல, ஜெராக்ஸ் இயந்திரம். ஒளிநகல் பரவிய பிறகு கார்பனுக்கும் ஸ்டென்சிலுக்கும் வேலை குறைந்தது; ஆனாலும் முதற்படியை அடிக்க ஒருவர் தேவைப்பட்டதால் தட்டச்சரின் இடம் அசையவில்லை. இடையில் வந்த மின்னணுத் தட்டச்சு இயந்திரம், ஒரு வரியைச் சிறு திரையில் காட்டித் திருத்த இடம் கொடுத்தது. விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகாத அலுவலகங்களில் அது வந்த சுவடும் இல்லை.

கணினியும் முதலில் கடிதம் எழுத வரவில்லை. கணக்குப் போடத்தான் வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் 1960களிலேயே கணினிக்கு எதிராகப் போராடினார்கள். வங்கிகளில் 1983இல் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியாகத்தான் இயந்திரங்கள் அளவோடு நுழைந்தன. வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் தந்த அறிக்கை அதற்கு அடுத்த கட்டம். கிளைகளில் முதலில் வைக்கப்பட்டவற்றை யாரும் கணினி என்று அழைக்கவில்லை. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்றே அழைத்தார்கள். ஆள்குறைப்பு நடக்கும் என்ற அச்சம் பேரேடு எழுதுவோரைப் பற்றியதாக இருந்தது. தட்டச்சரைப் பற்றி அப்போது பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சொற்செயலி வந்தபோது அது ஆங்கிலத்தில் வந்தது. வேர்ட்ஸ்டார் நிரலில் கடிதம் அடித்து டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் எடுக்கும் வசதி கிடைத்த அலுவலகங்களில், ஒரே அறையில் ஆங்கிலக் கடிதம் கணினியிலும் தமிழ்க் கடிதம் தட்டச்சு இயந்திரத்திலும் உருவான விந்தை சில ஆண்டுகள் நீடித்தது. கணினியில் தமிழ் என்பது அப்போது ஆர்வலர்களின் கையில் இருந்தது: கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று கடல் கடந்தே பல முயற்சிகள் நடந்தன.

அலுவலகத்துக்குள் தமிழ் நுழைந்தது எழுத்துருக்களின் வழியாக. இங்கேதான் பழைய இயந்திரம் புதிய இயந்திரத்துக்குள் குடிபுகுந்தது. எழுத்துரு விற்பவர்களுக்கு வாடிக்கையாளர் யாரென்றால், 'யளனகப' படித்து அரசுத் தேர்வில் தேறிய தட்டச்சர். அவர் விரல் எங்கே போகுமோ அங்கே எழுத்து இருக்க வேண்டும். ஆகவே கணினி ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி, தட்டச்சு விசைப்பலகையின் வரிசையிலேயே எழுத்துருவை அமைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்படியே தெரியும். இதில் ஒரே ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது: உருளை என்று ஒன்று இல்லாததால் புள்ளியும் மேல்விலங்கும் எழுத்துக்குப் பின்னால் வரலாம். ஆண்டுக்கணக்கில் புள்ளியை முன்னால் அடித்துப் பழகிய சுண்டுவிரல் இந்த ஒரு மாற்றத்துக்குப் பழகத் திணறியதை, அந்தக் காலத் தட்டச்சர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பெருவழக்காயின. பத்திரிகைகளும் பதிப்பகங்களும் வேறு வேறு வைத்துக்கொண்டன. தாளில் அச்செடுத்துக் கையொப்பமிட்டு அனுப்பும் வரை இந்தக் குழப்பம் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் தாளில் தமிழ் தமிழாகத்தான் இருந்தது. கணினியைச் சற்று விலை கூடிய தட்டச்சு இயந்திரமாக மட்டும் பயன்படுத்தியதன் விளைவு அது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப முற்பட்டபோதும், ஆயிரம் பெயர் கொண்ட பயனாளிப் பட்டியலை அகர வரிசைப்படுத்த முற்பட்டபோதும்தான் வினை தெரிந்தது. கணினியைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அதை ஆங்கில வரிசைப்படி அடுக்கியபோது தமிழில் அது எந்த வரிசையிலும் இல்லை. தேடல், வரிசைப்படுத்தல், மறுபயன்பாடு என்று எதற்காகக் கணினி வாங்கினோமோ அத்தனையும் தமிழ்க் கோப்புகளில் முடங்கிக் கிடந்தன.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக எழுத்துகளுக்கு எண் வகுக்கும் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் தரங்களாயின. தமிழ்99 ஒரு நல்ல வடிவமைப்பு: உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம்; 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி'; ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். புதிதாகக் கற்பவருக்கு ஒரு வாரம் போதும். ஆனால் தட்டச்சர் புதிதாகக் கற்பவர் அல்லர். அவருடைய சான்றிதழும் வேகமும் பணி நியமனமும் பழைய வரிசையில் இருந்தன. அரசுத் தேர்வும் அதே வரிசையில்தான் நடந்தது. தேர்வு வைப்பது ஒரு விசைப்பலகையில், தரம் அறிவிப்பது இன்னொரு விசைப்பலகையில் என்றால் ஊழியர் எதைப் பின்பற்றுவார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அதைச் சோம்பல் என்றும் மாற்றத்துக்கு மனமில்லாமை என்றும் ஏசியவர்கள் உண்டு. அந்த ஏச்சில் எனக்கு உடன்பாடில்லை.

கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில், யூனிகோட் எனப்படும் ஒருங்குறியை அரசு தன் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் உயிரெழுத்துகளுக்கும், 'க' போன்ற அகர எழுத்துகளுக்கும், கொம்பு, புள்ளி போன்ற துணைக்குறிகளுக்கும் ஆங்கிலத்தோடு கலக்காத தனி எண்கள் உண்டு. ஒலிக்கும் வரிசையிலேயே அவை பதிவாகும். 'கெ' என்பதில் கொம்பு 'க'வுக்கு முன்னால் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் நினைவில் 'க' முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும். தட்டச்சு வரிசையில் பழகியவரோ கொம்பைத்தான் முதலில் அடிப்பார். எனவே அவருக்கான உள்ளீட்டு மென்பொருள், கொம்பு விழுந்தவுடன் அதை நிறுத்திவைத்து, அடுத்த மெய் வந்த பிறகு இடம் மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். திரைக்குப் பின்னால் ஒவ்வொரு எகர, ஏகார, ஐகார எழுத்துக்கும் இந்த இடமாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. முன்பே வானவில்லில் அடித்து வைத்த கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் வந்தன. அட்டவணையும் ஆங்கிலச் சொல்லும் கலந்த பக்கங்களில் அவை சொதப்புவதால், மாற்றியதை மனிதர் ஒருவர் படித்துத் திருத்த வேண்டியிருந்தது. வழக்கொழிந்த ஒப்புநோக்குதல் இந்த வழியாக ஒரு சுற்று திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

வேலைப் பிரிவினை உடைந்தது இதற்கிடையில், யாரும் ஆணை போடாமலே. மேசைக்கு மேசை கணினி வந்ததும் உதவியாளரே வரைவைத் திரையில் அடிக்கத் தொடங்கினார். அலுவலர் திருத்தியதும் அதே கோப்பைத் திருத்தி அச்செடுத்தால் அதுவே தூய நகல். வரைவுக்கும் தூய நகலுக்கும் நடுவே இருந்த அறை காணாமற்போயிற்று. தட்டச்சர் பதவி ஒழியவில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் அது தொடர்ந்தது, தட்டச்சுச் சான்றிதழோடு அலுவலகத் தானியக்கம் என்ற கணினிச் சான்றிதழும் அதற்குக் கேட்கப்பட்டது. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் இன்று செய்வது பட்டியல் ஏற்றுவதும், இணையதளத்தில் விவரம் பதிவதும், பல இடங்களில் இளநிலை உதவியாளருக்குரிய கோப்புகளைப் பார்ப்பதும்.

பிழையின் இயல்பும் மாறிவிட்டது. தட்டச்சுக் காலத்துப் பிழை விரலின் பிழை: எழுத்து மாறியிருக்கும், வரி விடுபட்டிருக்கும், பார்த்தவுடன் தெரியும். கணினிக் காலத்துப் பிழை எச்சத்தின் பிழை. சென்ற ஆண்டுக் கடிதத்தைத் திறந்து, தேதியையும் பெயரையும் மாற்றி இந்த ஆண்டுக் கடிதமாக்கும்போது, மூன்றாம் பத்தியில் பழைய ஊர்ப் பெயர் மட்டும் அப்படியே தங்கிவிடும்; எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாத, பார்வைக்கு அப்பழுக்கற்ற கடிதத்தில் வேறொருவரின் நிலம் வேறொருவருக்குரியதாக இருக்கும். முன்பு இதைப் பிடிக்க உரக்கப் படிக்கும் ஒருவர் இருந்தார். இப்போது எழுதுபவரும் அடிப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே. திருத்தம் இலவசமாகிவிட்டதால், முன்பு இரண்டு முறை பார்த்து முடித்த வரைவை ஏழு முறை திருத்தும் பழக்கமும் வந்திருக்கிறது. அடிக்கும் நேரம் மிச்சமானது உண்மை. மிச்சமான நேரம் எங்கே போனது என்பதற்கு இதுவும் ஒரு விடை. தலைமைச் செயலகத்திலும் துறை அலுவலகங்களிலும் பரவிவரும் மின் அலுவலக முறையில் குறிப்பும் வரைவும் ஒப்புதலும் திரையிலேயே நடக்கின்றன. யார் எந்த நிமிடத்தில் எதை மாற்றினார் என்ற பதிவு அதில் இருக்கிறது. ஓரத்துச் சுருக்கொப்பத்தின் வேலையை அது ஒருவகையில் மீட்டெடுத்திருக்கிறது, ஆனால் உரக்கப் படிக்கும் குரலை அல்ல.

கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. கையிருப்பும் தீர்ந்துவருகிறது என்ற செய்தி 2011இல் உலகெங்கும் போயிற்று. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் தட்டச்சுத் தேர்வு எழுதினார்கள். தேர்வுக்கு முந்தைய நாள், பயிற்சி நிலையங்களிலிருந்து எண்ணெய் போட்டுப் புது ரிப்பன் மாட்டிய இயந்திரங்கள் வேனில் ஏறிப் பாலிடெக்னிக் கல்லூரிகளுக்குப் போகும். பழகிய இயந்திரமே தேர்வுக்கும் வேண்டும் என்பதால் தன்னுடையது எது என்று மாணவர் அடையாளம் பார்த்து இறக்கிக்கொள்வார். தேறி, வேலையும் கிடைத்து முதல் நாள் அலுவலகத்துக்குப் போனால் அவருக்கு முன்னால் இருப்பது கணினி. அதில் அவர் செய்யும் முதல் காரியம், மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து, தமிழ்99 என்றிருப்பதை மாற்றித் தட்டச்சு விசைப்பலகை என்பதைத் தேர்ந்தெடுப்பது.